மலேசியத் தாய்மொழிப் பள்ளிகள்: நீதிமன்றம் தீர்த்ததும் தீர்க்காததும்

தமிழையும் சீனத்தையும் பயிற்றுமொழியாகக் கொண்ட அரசுத் தொடக்கப்பள்ளிகள் மலேசிய அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானவை என்று அறிவிக்கக் கோரிய வழக்கில், மேல்முறையீட்டுக்கு அனுமதி தர 2025 பிப்ரவரியில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் மறுத்துவிட்டது. மலாய் மாணவர் அமைப்பு ஒன்றும் இஸ்லாமியக் கல்வி அமைப்புகள் சிலவும் 2019 இறுதியிலிருந்து தொடுத்த வழக்குகள் அவை. கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் 2021 டிசம்பர் 29 அன்றும், கோத்தா பாரு உயர் நீதிமன்றம் 2022ஆம் ஆண்டிலும், மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 நவம்பர் 23 அன்றும் இப்பள்ளிகள் சட்டப்படி செல்லுபடியானவை என்றே கூறியிருந்தன. சட்டத்தின் வாசல் அத்துடன் அடைபட்டது. ஆனால், வழக்குத் தொடுத்தவர்களை நீதிமன்றத்துக்கு அழைத்து வந்த எண்ணம் சட்டத்தைவிடப் பழையது. வெவ்வேறு மொழிப் பள்ளிகளில் பிரிந்து படிக்கும் பிள்ளைகள் ஒரே நாட்டு மக்களாக வளர மாட்டார்கள் என்பதே அந்த எண்ணம். நாடு விடுதலை பெறுவதற்கு முன்பிருந்து இன்றுவரை அது ஓயவில்லை.

அதைக் குறுகிய மனத்தின் வெளிப்பாடு என்று ஒதுக்கிவிடுவது எளிது, ஒதுக்கவும் கூடாது. மலேசியப் பிள்ளைகள் தொடக்கப்பள்ளி வயதில் இனவாரியாகப் பிரிந்து படிக்கிறார்கள் என்பது உண்மைதான். கல்வி அமைச்சே தனது 2013–2025 கல்விப் பெருந்திட்டத்தில் இதை ஒளிவுமறைவின்றி எழுதியது. 2011ஆம் ஆண்டில் சீனப் பிள்ளைகளில் 96 விழுக்காட்டினர் சீனப்பள்ளிகளிலும், இந்தியப் பிள்ளைகளில் 56 விழுக்காட்டினர் தமிழ்ப்பள்ளிகளிலும் படித்தார்கள். 2000ஆம் ஆண்டில் இவ்வெண்கள் முறையே 92ஆகவும் 47ஆகவும் இருந்தன. எல்லா இனத்தவருக்கும் பொது என்று சொல்லப்படும் தேசியப் பள்ளிகளில் ஏறத்தாழ 94 விழுக்காட்டினர் பூமிபுத்ராக்கள், அதாவது மலாய்க்காரரும் மற்றப் பூர்வகுடியினரும். ஆகவே பிரிவு இருக்கிறதா என்பதில் சர்ச்சை இல்லை. அந்தப் பிரிவைப் பயிற்றுமொழிதான் உண்டாக்கியதா என்பதே ஆராயப்பட வேண்டியது. வரலாற்றை ஆண்டு வரிசையில் வைத்துப் பார்த்தால் அதற்கு எளிதாக ‘ஆம்’ என்று சொல்லிவிட முடியாது.

முதலில், தமிழ்ப்பள்ளி என்றால் தனித் தீவு என்று நினைப்பவர்களுக்காக அதன் அன்றாடத்தைச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமைக் காலைச் சபைக்கூடலில் தேசியப் பண்ணான ‘நெகாராகூ’ பாடப்படுகிறது. அதை அடுத்து மாநிலப் பண். பிறகு மாணவத் தலைவன் ஒருவன் முன்னே வந்து வலக்கையை உயர்த்தி, நாட்டின் அடிப்படைக் கோட்பாடுகளைச் சொல்லும் ‘ருக்குன் நெகாரா’ உறுதிமொழியை மலாயில் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, முதலாம் ஆண்டுப் பிள்ளை முதல் ஆறாம் ஆண்டுப் பிள்ளை வரை அதைத் திருப்பிச் சொல்கிறார்கள். மாவட்டக் கல்வி இலாகாவிலிருந்து வரும் சுற்றறிக்கை மலாயில் இருக்கும். பள்ளி அதற்கு எழுதும் பதிலும் மலாயில்தான். பாடத்திட்டம் நாடு முழுதுக்கும் ஒன்றே. மலாயும் ஆங்கிலமும் கட்டாயப் பாடங்கள். கணிதமும் அறிவியலும் தமிழில் நடக்கின்றன. மணி அடித்ததும் அதே வகுப்பில் மலாய் ஆசிரியர், பல இடங்களில் தலையில் முக்காடிட்ட மலாய்க்காரப் பெண்மணி, வந்து நிற்கிறார். கோலாலம்பூரிலோ ஈப்போவிலோ ஒரு தமிழ்ப்பள்ளி வளாகத்தில் அரைநாள் உட்கார்ந்திருப்பவருக்கு, இது அரசின் கல்வித் துறைக்குள்ளேயே இயங்கும் பள்ளி என்பதில் ஐயம் வராது.

இந்த அமைப்பு ஒரே நாளில் வந்ததன்று. 1816இல் தொடங்கிய பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் ஒரு தமிழ் வகுப்பும் நடந்ததை வைத்துத்தான் 2016இல் மலேசியத் தமிழ்க்கல்வியின் இருநூறாம் ஆண்டு கொண்டாடப்பட்டது. அந்த வகுப்பு நீடிக்கவில்லை. தமிழ்ப்பள்ளி பரவலானது ரப்பர் தோட்டங்களோடுதான். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருக்கும் தோட்டங்கள் பள்ளி நடத்த வேண்டும் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த தொழிலாளர் சட்டங்கள் வலியுறுத்தின. சட்டம் அப்படிச் சொன்னதே தவிர, ஆசிரியர் யார், கட்டடம் எது என்பது துரையின் மனத்தைப் பொறுத்தது. தோட்டத்து எழுத்தரான கிராணியோ சற்று எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ மாலையில் பாடம் சொன்ன கொட்டகைகளும் பள்ளி என்றே கணக்கில் ஏறின. தொழிலாளி குடும்பத்தோடு தோட்டத்திலேயே தங்க ஒரு காரணம் வேண்டும், பால் வெட்டப் போகும் தாய்க்குப் பிள்ளையை விட்டுச் செல்ல ஓர் இடம் வேண்டும். நிர்வாகத்தின் அக்கறை பெரும்பாலும் அந்த அளவில் நின்றது.

அதே காலத்தில் மலாய்ப் பிள்ளைக்குக் கிராமத்து மலாய்ப்பள்ளி, சீனப் பிள்ளைக்கு அச்சமூகமே பணம் திரட்டி நடத்திய பள்ளி, நகரத்து வசதியுள்ளவர்களுக்கு எல்லா இனத்தாரும் கலந்த ஆங்கிலப்பள்ளி என்று நான்கு பாதைகள் இருந்தன. சீனப்பள்ளியின் புத்தகம் சீனாவைப் பற்றிப் பேசியது; தமிழ்ப்பள்ளியின் புத்தகம் கப்பலில் வந்து இந்தியாவைப் பற்றிப் பேசியது. உழவன் மகன் தன் தகப்பனைவிடச் சற்றுத் தெளிந்த உழவனாக இருந்தால் போதும் என்ற அளவிலேயே கிராமத்து மலாய்ப்பள்ளி நடத்தப்பட்டது. பிரிவை உண்டாக்கியது காலனி ஆட்சியின் இந்த ஏற்பாடு. விடுதலையை எதிர்நோக்கிய தலைவர்கள் கையில் வந்து விழுந்தது அதுதான்.

1951இல் இரண்டு அறிக்கைகள் வெளிவந்தன. எல்.ஜே. பார்ன்ஸ் தலைமையிலான குழு, மலாயும் ஆங்கிலமும் பயிற்றுமொழிகளாக உள்ள ஒரே வகைத் தேசியப் பள்ளியை நிறுவி, சீன, தமிழ்ப் பள்ளிகளைப் படிப்படியாக நீக்கிவிடலாம் என்றது. அக்குழுவில் மலாய்க்காரர்களும் ஐரோப்பியர்களும் இருந்தார்கள். சீனரோ இந்தியரோ ஒருவர்கூட இல்லை. சீனர்கள் கொதித்தெழுந்ததால், வில்லியம் ஃபென், வூ தே-யாவ் என்ற இருவரைக் கொண்டு சீனக் கல்வியைப் பற்றித் தனியாக ஓர் அறிக்கை பெறப்பட்டது. ஒருமித்த நாடு உருவாகப் பண்பாடுகள் ஒன்றாகக் கரைந்தாக வேண்டியதில்லை என்பது அதன் சாரம். இந்த இரு நிலைகளுக்கும் நடுவே 1956இல் வந்ததுதான் ரசாக் அறிக்கை. அப்போது கல்வி அமைச்சராக இருந்து பின்னாளில் பிரதமரான அப்துல் ரசாக் உசேன் தலைமையிலான குழு, பயிற்றுமொழிகள் வேறுபடலாம், பாடத்திட்டம் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தது. எந்தப் பள்ளியில் படித்தாலும் பிள்ளை மலாயாவின் மண்ணையும் வரலாற்றையும் படிக்க வேண்டும். எல்லாப் பள்ளியிலும் மலாயும் ஆங்கிலமும் கட்டாயம். இன்றுவரை மலேசியத் தொடக்கக் கல்வி நிற்கும் அடித்தளம் இதுவே.

அந்த அறிக்கையில் இன்னொரு கூறும் இருந்தது. எல்லா இனப் பிள்ளைகளையும் தேசிய மொழியே முதன்மைப் பயிற்றுமொழியாக உள்ள ஓர் அமைப்பின் கீழ்க் கொண்டுவருவது இறுதி நோக்கமாக இருக்க வேண்டும் என்றும், ஆனால் அதில் அவசரம் கூடாது என்றும் அதன் 12ஆம் பத்தி கூறியது. ஒரே ஆவணம் தாய்மொழிப் பள்ளிக்கு இடமும் கொடுத்தது, அந்த இடம் தற்காலிகமானது என்ற சந்தேகத்தையும் விதைத்தது. அடுத்து வந்த அறுபது எழுபது ஆண்டுச் சண்டைகளில் இரு தரப்பாரும் ரசாக் அறிக்கையையே கையில் ஏந்தி வந்தது இதனால்தான். இந்த ஈரொட்டு நிலையை அரசியல் சாமர்த்தியம் என்று புகழ்பவர்கள் உண்டு. அது தந்த விலை, எந்தச் சிறு மாற்றத்தையும் ‘கடைசி அடி’யாகப் பார்க்கும் பழக்கம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பழக்கத்துக்கு 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வலுவான காரணத்தைக் கொடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த ரஹ்மான் தாலிப் அறிக்கையை ஒட்டி இயற்றப்பட்ட அச்சட்டத்தின் 21(2) பிரிவு, தகுந்த வேளை வந்துவிட்டது என்று அமைச்சர் கருதினால் ஒரு தேசிய வகைப் பள்ளியை, அதாவது சீன அல்லது தமிழ்த் தொடக்கப்பள்ளியை, தேசியப் பள்ளியாக மாற்றிவிடலாம் என்றது. ஒரு கையொப்பம் போதும். இடைநிலைக் கல்வியில் அரசின் உதவி வேண்டுமானால் பயிற்றுமொழியை மாற்ற வேண்டும் என்றும் ஆனது. சீன இடைநிலைப்பள்ளிகளில் ஒரு பகுதி மாறின. மற்றவை உதவியை உதறிவிட்டுத் தனியார் பள்ளிகளாயின. அவற்றில் அறுபதுக்கு மேற்பட்டவை இன்றும் சமூகத்தின் நன்கொடையிலும் கட்டணத்திலும் நடக்கின்றன. இதை எதிர்த்துப் பேசிய சீன ஆசிரியர் தலைவர் லிம் லியான் கியோக்கின் ஆசிரியர் அனுமதியும் குடியுரிமையும் பறிக்கப்பட்டன. தமிழர்களுக்கு இப்படி ஒரு தேர்வே இருக்கவில்லை: தமிழில் இடைநிலைக் கல்வி மலேசியாவில் வேரூன்றவே இல்லை, தனியார் பள்ளி நடத்தும் செல்வமும் தோட்டத்துச் சமூகத்திடம் இல்லை. 21(2) பிரிவு 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் இடம்பெறவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் தலைக்கு மேல் தொங்கிய கத்தி அகற்றப்பட்டாலும், அண்ணாந்து பார்க்கும் பழக்கம் போகவில்லை.

இப்போது இந்தக் கதையின் திருப்பத்துக்கு வரலாம். 1960களில் எல்லா இனப் பிள்ளைகளும் உண்மையாகவே கலந்து படித்த இடம் நகரத்து ஆங்கிலப்பள்ளி. 1969 மே 13 அன்று வெடித்த மலாய்–சீன இனக் கலவரத்துக்குப் பிறகு, 1970இல் முதலாம் ஆண்டில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக அந்தப் பள்ளிகள் மலாய்மொழிக்கு மாற்றப்பட்டன. 1980களின் தொடக்கத்தில் இடைநிலை வரை மாற்றம் முடிந்தது. தேசிய மொழியை உறுதிப்படுத்தும் நோக்கில் இதைத் தவறென்று சொல்ல முடியாது. ஒரு நாடு தன் மொழியில் கற்பிக்க முனைவது இயல்பு. விளைவு மட்டும் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக வந்தது. அதுவரை பிள்ளையை ஆங்கிலப்பள்ளிக்கு அனுப்பிவந்த சீனப் பெற்றோர், ஆங்கிலம் போனபின் தேசியப் பள்ளிக்கு வருவதற்குப் பதில் சீனப்பள்ளிக்குப் போனார்கள். இந்திய நடுத்தர வர்க்கம் அவ்வளவு வேகமாக நகரவில்லை. ஆனால் அவர்களில் ஒரு பகுதியும் பிற்காலத்தில் தமிழ்ப்பள்ளிப் பக்கம் திரும்பியதைத்தான் 47 விழுக்காடு 56ஆக உயர்ந்தது காட்டுகிறது. கலப்பை வளர்க்கச் செய்த மாற்றம், கலந்திருந்த ஒரே இடத்தைக் காலியாக்கியது.

பெற்றோர் ஏன் திரும்பி வரவில்லை என்பதற்கு அவர்களே சொல்லும் காரணங்களில் மொழி முதலிடத்தில் இருப்பதில்லை. தேசியப் பள்ளியின் சூழல் நாளடைவில் சமயச் சார்பு கொண்டதாக மாறிவிட்டது, சபைக்கூடல் முதல் சிற்றுண்டிச்சாலை வரை தங்கள் பிள்ளை விருந்தாளியாக உணர்கிறது என்பது பரவலாகக் கேட்கும் குறை. ஆசிரியர், தலைமையாசிரியர் பொறுப்புகளில் மற்ற இனத்தார் குறைந்துவிட்டனர் என்பது இன்னொன்று. சீனப்பள்ளியில் கணிதம் கண்டிப்பாகச் சொல்லித்தரப்படுகிறது, வீட்டுப்பாடம் நிறைய உண்டு, சீனம் தெரிந்தால் வேலை கிடைக்கும் என்பவை மூன்றாவது வகை. இந்த மூன்றாவது காரணம் சீனரை மட்டும் ஈர்க்கவில்லை. 2020 வாக்கில் சீனப்பள்ளி மாணவர்களில் சுமார் 15 விழுக்காட்டினர் பூமிபுத்ராக்கள். பத்தாண்டுகளுக்கு முன் இது பத்து விழுக்காட்டைத் தொடவில்லை. இனப் பிரிவினையின் கோட்டை என்று குற்றம் சாட்டப்படும் பள்ளியில் தேசியப் பள்ளியைவிட அதிகக் கலப்பு இருக்கிறது என்பது, ‘எல்லாருக்கும் ஒரே பள்ளி’ என்ற முழக்கத்தை எழுப்புவோர் இன்னும் விளக்காத செய்தி.

ஒரே பள்ளி என்ற முழக்கம் தொடக்கப்பள்ளியோடு நின்றுவிடுவதையும் கவனிக்க வேண்டும். பூமிபுத்ராக்களின் முன்னேற்றத்துக்கான அரசு அமைப்பு மாரா. அது நடத்தும் அறிவியல் இளநிலைக் கல்லூரிகள் எனும் இடைநிலை விடுதிப்பள்ளிகள் பெரும்பாலும் பூமிபுத்ராக்களுக்கே உரியவை. மற்றவர்களுக்குப் பத்து விழுக்காடு இடம். மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் முழுமையாகப் பூமிபுத்ராக்களுக்கு. இவற்றுக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. கிராமத்து மலாய்க்காரர் காலனி ஆட்சியில் கல்வியில் பின்தள்ளப்பட்டது உண்மை. ஆனால், ஓரினப் பள்ளி ஒற்றுமையைக் கெடுக்கும் என்பது கொள்கையானால், அது ஏழு வயதுப் பிள்ளைக்குப் பொருந்தி, பதினேழு வயது மாணவருக்குப் பொருந்தாமல் போவது எப்படி என்று கேட்பவர்களிடம் தகுந்த பதில் சொல்லப்படுவதில்லை.

நீதிமன்றத்தில் நடந்தது இவற்றிலிருந்து விலகிய, நுணுக்கமான வாதம். அரசமைப்புச் சட்டத்தின் 152ஆம் விதி மலாயைத் தேசிய மொழி என்கிறது. அதிகாரத்துவ, அதாவது அரசு அலுவல் சார்ந்த, காரியங்களைத் தவிர மற்றவற்றில் வேறு மொழியைப் பயன்படுத்துவதையோ, வேறு மொழியைக் கற்பதையோ கற்பிப்பதையோ யாரும் தடுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. தமிழைக் கற்பிக்கலாம், தமிழில் கற்பிக்க இவ்விதி இடம் தரவில்லை என்று வாதிகள் கூறினர். இதற்கு முன்னுதாரணமும் இருந்தது. சீனத்தைப் பயிற்றுமொழியாகக் கொண்ட மெர்டேக்கா பல்கலைக்கழகம் தொடங்க அனுமதி மறுக்கப்பட்ட வழக்கில், அப்படியொரு பல்கலைக்கழகம் பொது அதிகார அமைப்பாகிவிடும், அங்கே சீனத்தில் கற்பிப்பது அதிகாரத்துவப் பயன்பாடாகிவிடும் என்று 1982இல் கூட்டரசு நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பளித்திருந்தது. அந்த அளவுகோலைத் தொடக்கப்பள்ளிக்கு நீட்டித்தால் தமிழ்ப்பள்ளி தப்பியிருக்காது.

2021இல் நீதிபதி முகமது நஸ்லான் முகமது கஸாலி அந்த நீட்டிப்பை ஏற்கவில்லை. தாய்மொழிப் பள்ளிகள் பொது அதிகார அமைப்புகள் அல்ல, அங்கே தமிழும் சீனமும் பயன்படுவது அதிகாரத்துவக் காரியத்துக்கானது ஆகாது என்பது அவருடைய முடிவு. அதே 152ஆம் விதியில் அதிகம் பேசப்படாத இன்னோர் உட்பிரிவும் உண்டு: மற்ற இனத்தவரின் மொழிகளின் பயன்பாட்டையும் பயிற்சியையும் பேணிக்காக்கக் கூட்டரசுக்கும் மாநில அரசுகளுக்கும் உள்ள உரிமையை எதுவும் பாதிக்காது என்கிறது அது. இங்கே ஒரு நுட்பத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இது அரசு பேணலாம் என்று தரும் உரிமை. பேணியே ஆக வேண்டும் என்ற கடமையாக எழுதப்படவில்லை. தமிழ்ப்பள்ளி இருக்கலாம் என்பதை நீதிமன்றங்கள் உறுதிசெய்துவிட்டன. அது நன்றாக இருக்க வேண்டும் என்பதை எந்த நீதிமன்றமும் உறுதிசெய்ய இயலாது.

அந்த ‘நன்றாக இருத்தல்’ தமிழ்ப்பள்ளியைப் பொறுத்தவரை நிலத்தோடு கட்டுண்டது. 1957இல் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று சுமார் 530. மாணவர் எண்ணிக்கை 80,000ஐ ஒட்டி நிற்கிறது. குறைந்தவை பெரும்பாலும் தோட்டத்துப் பள்ளிகள். 1950களின் இறுதியிலிருந்து பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை எனும் எண்ணெய்ப்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. குடும்பங்கள் நகரோரங்களுக்குப் பெயர்ந்தன. பள்ளிக் கட்டடம் மட்டும் நிறுவனத்துக்குச் சொந்தமான நிலத்தில், செம்பனை வரிசைகளுக்கு நடுவே, இருபது முப்பது பிள்ளைகளோடு நின்றது. நிலம் அரசுக்குச் சொந்தமில்லை என்பதால் இப்படிப்பட்ட பள்ளிகள் ‘பகுதி உதவி’ பெறுபவை என வகைப்படுத்தப்பட்டன: ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கும், கூரை ஒழுகினால் பள்ளி வாரியமும் பெற்றோரும் பார்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கும் மேற்பட்டவை இந்த வகையில் நெடுங்காலம் இருந்தன. பிள்ளைகள் பெயர்ந்து சென்ற நகரத்திலோ தமிழ்ப்பள்ளி இல்லை, இருந்தாலும் இடமில்லை. ஆளில்லாத பள்ளியின் உரிமத்தை ஆளுள்ள இடத்துக்கு மாற்ற அமைச்சு, மாநில நில அலுவலகம், வீடமைப்பு நிறுவனம், ஊராட்சி மன்றம் எனப் பல கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கிறது. தட்டிக்கொண்டிருக்கும்போதே முதலாம் ஆண்டில் சேர வேண்டிய பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போய்விடுகிறது. 2007 நவம்பர் 25 அன்று மலேசிய இந்தியர் உரிமைக்கான ஹிண்ட்ராஃப் அமைப்பு கோலாலம்பூரில் திரட்டிய பேரணியின் கோரிக்கைகளில் தமிழ்ப்பள்ளிகளை முழு உதவி பெறும் பள்ளிகளாக்குவதும் ஒன்று. அடுத்த ஆண்டுத் தேர்தலில் ஆளும் கூட்டணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்த பிறகுதான் கட்டட நிதி ஓரளவு தாராளமாக வரத் தொடங்கியது. ஒற்றுமைக்கு ஊறு விளைவிப்பதாகச் சொல்லப்படும் பள்ளிகளில் பல, உண்மையில் ஒரு நிலப் பட்டாவுக்காகக் காத்திருந்த பள்ளிகள்.

தமிழ்ப்பள்ளிக்குள்ளேயும் எல்லாரும் ஒரே கருத்தில் இல்லை. கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை 2003இல் எல்லாப் பள்ளிகளுக்கும் வந்து, 2012 வாக்கில் கைவிடப்பட்டது. பிறகு விருப்பமுள்ள பள்ளிகளுக்கென்று இருமொழிப் பாடத்திட்டம் வந்தபோது, சில தமிழ்ப்பள்ளிகள் அதை விரும்பி ஏற்றன. ஆர்வலர்கள் அதைத் தமிழ்ப்பள்ளியின் உயிர்நாடியை அறுக்கும் செயல் என்று கண்டித்தனர். பெற்றோரின் கணக்கு வேறு: இடைநிலையிலும் பல்கலைக்கழகத்திலும் பிள்ளைக்கு எது உதவும் என்பது. கணிதம், அறிவியல் இரண்டும் தமிழிலிருந்து போய்விட்டால் தமிழ்ப்பள்ளியில் தமிழுக்கு மிஞ்சுவது மொழிப்பாடமும் இன்னும் சிலவும்தான் என்ற ஆர்வலரின் வாதம் எனக்கு வலுவாகத் தோன்றுகிறது. ஆயினும் பெற்றோரின் அச்சத்தை இனப்பற்றின்மை என்று ஏசுவது நியாயமாகாது. சிறுபான்மைப் பள்ளியைக் காப்பது என்பது அரசோடு மட்டும் நடத்தும் வழக்காடல் அன்று என்பதை அந்தச் சர்ச்சை காட்டியது.

பரஸ்பர அச்சம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2019 போதிய சான்று. தாய்மொழிப் பள்ளிகளின் நான்காம் ஆண்டு மலாய்ப் பாடநூலில், மலாயை அரபு எழுத்தில் எழுதும் முறையான ஜாவியின் எழுத்துக்கலை ஆறு பக்கம் சேர்க்கப்படும் என்ற செய்தி வெளிவந்தது. பொருளளவில் அது சிறிது. அண்டை வீட்டாரின் எழுத்து வடிவத்தைப் பிள்ளை கண்டுகொள்வதில் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் யாரையும் கலக்காமல் வந்த அறிவிப்பு, 1961இலிருந்து தொடரும் சந்தேகத்தைத் தொட்டுவிட்டது. ஆறு பக்கம் மூன்றாயிற்று, கட்டாயம் விருப்பமாயிற்று. அதன்பிறகும் சீனக் கல்வி அமைப்புகள் ஆண்டிறுதியில் மாநாடு கூட்ட முயன்றன, பதற்றம் வரும் என்று சொல்லிக் காவல்துறை நீதிமன்ற ஆணை பெற்று அதைத் தடுத்தது. தாய்மொழிப் பள்ளிகளுக்கு எதிரான வழக்குகளும் அந்தக் கொதிப்பின் நாட்களில்தான் தொடங்கின.

ஒரே வளாகத்தில் மூன்று பள்ளிகளை வைத்து, திடலையும் சிற்றுண்டிச்சாலையையும் பொதுவாக்கும் ‘வாவாசான்’ எனப்படும் தூரநோக்குப் பள்ளித் திட்டமும் இந்தச் சந்தேகத்தில்தான் சிக்கியது. சுபாங் ஜெயாவின் யூ.எஸ்.ஜே. 15 பகுதியில் டத்தோ ஓன் ஜாபார் தேசியப் பள்ளி, துன் டான் செங் லொக் சீனப்பள்ளி, துன் சம்பந்தன் தமிழ்ப்பள்ளி ஆகிய மூன்றும் அவ்வாறு ஒரே வளாகத்தில் இயங்குகின்றன. இது ஒரே பள்ளியாக்குவதற்கான முதல் படி என்று சீனக் கல்வி இயக்கம் எதிர்த்தது. நாடு முழுதும் ஒரு சில வளாகங்களோடு திட்டம் நின்றது. என் மதிப்பீட்டில், இதுவரை முன்வைக்கப்பட்டவற்றுள் அறிவுக்கு மிகவும் ஒத்தது இதுதான். மொழியை யாரிடமிருந்தும் பறிக்காமல், பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் தினமும் பார்க்கச் செய்வது அதன் ஏற்பாடு. நம்பிக்கை இல்லாத இடத்தில் நல்ல திட்டமும் வேரூன்றாது போயிற்று.

அண்டை நாடுகள் இரண்டைப் பார்த்தால் மலேசியாவின் நிலை இன்னும் விளங்கும். சிங்கப்பூர் 1987இல் எல்லாப் பள்ளிகளையும் ஆங்கிலப் பயிற்றுமொழிக்குக் கொண்டுவந்துவிட்டது. அங்கிருந்த உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இலேயே மூடப்பட்டது. பிள்ளைகள் கலந்து படிக்கிறார்கள். தமிழ் அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று, பள்ளியில் தாய்மொழிப் பாடம். ஆனால் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசும் சிங்கப்பூர் இந்தியர் 2010இல் 36.7 விழுக்காடாக இருந்து 2020இல் 27.9 விழுக்காடாகக் குறைந்தனர். அந்த வழியை மலேசியா பின்பற்றவும் இயலாது: சிங்கப்பூரின் பொதுமொழி எந்த இனத்துக்கும் சொந்தமில்லாத ஆங்கிலம், மலேசியாவின் பொதுமொழி பெரும்பான்மையினரின் தாய்மொழி. தாய்லாந்தில் மலாய்க்காரர்களே சிறுபான்மையினர்; நாட்டின் தெற்கே பட்டாணி, யாலா, நராத்திவாட் மாநிலங்களில் செறிந்து வாழ்கிறார்கள். அங்கே பள்ளி தாய்லாந்து மொழியில் மட்டுமே என்ற கொள்கை ஒற்றுமையைத் தரவில்லை. 2004 முதல் வெடித்த வன்முறையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பட்டாணி மலாயை அப்பகுதியில் அலுவல் மொழியாக ஏற்கலாம் என்று 2006இல் தேசிய நல்லிணக்க ஆணையம் சொன்ன யோசனை ஏற்கப்படவில்லை. தாய்லாந்தின் மகிடோல் பல்கலைக்கழகம் சில பள்ளிகளில் பட்டாணி மலாயில் தொடங்கி தாய்லாந்து மொழிக்குக் கொண்டுசெல்லும் முறையை நடத்திப் பார்த்தது. அப்பிள்ளைகள் தாய்லாந்து மொழியிலும் நன்றாகத் தேறினர். அத்திட்டத்துக்கு 2016இல் யுனெஸ்கோவின் எழுத்தறிவுப் பரிசு கிடைத்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் மலாய்ப் பிள்ளைக்கு வேண்டும் என்று கேட்கப்படுவதைத்தான் இந்தப் பக்கம் தமிழ்ப் பிள்ளை பெற்றிருக்கிறது.

இனி, மலேசியாவிலேயே எல்லாரும் சேரும் இடம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது என்பதற்கு வரலாம். ஆறாம் ஆண்டை முடிக்கும் தமிழ்ப்பள்ளி மாணவர்களில் மிகப் பெரும்பாலோரும், சீனப்பள்ளி மாணவர்களில் பெரும்பகுதியினரும் இடைநிலையின் முதல் வகுப்பான முதலாம் படிவத்தில் மலாயைப் பயிற்றுமொழியாகக் கொண்ட தேசிய இடைநிலைப்பள்ளிக்குத்தான் வருகிறார்கள். ஐந்தாண்டுகள் ஒரே கூரையின் கீழ், இடைநிலையின் இறுதித் தேர்வான ஒரே எஸ்.பி.எம். தேர்வுக்கு. பதின்மூன்று வயதில் நட்பு பிடிக்க முடியாத அளவுக்குப் பிள்ளை கெட்டிப்பட்டுவிடுவதில்லை. ஒற்றுமையைப் பற்றிய கவலை உண்மையானால் அது செலவழிய வேண்டிய இடம் இந்த முதலாம் படிவம். அங்கே நடப்பதென்ன? தமிழில் ‘ஒளிச்சேர்க்கை’ என்று படித்த பிள்ளை ‘ஃபோட்டோசிந்தேசிஸ்’ என்று மலாய்ப் பாடநூலில் அதைச் சந்திக்கிறது. தெரிந்த பாடத்தையே தெரியாததாக எண்ணிப் பின்வரிசைக்கு நகர்கிறது. மலாய் போதாதவர்கள் ஓராண்டு புகுமுக வகுப்பில் அமர்த்தப்படுகிறார்கள். பல பள்ளிகளில் அந்த வகுப்புக்கு மிஞ்சிய ஆசிரியர்தான் கிடைப்பார். தேர்ச்சி அடிப்படையில் வகுப்புகளைப் பிரிக்கும் பள்ளியில், கடைசி வகுப்பு பெரும்பாலும் ஒரே நிறத்தில் இருப்பதை எந்த ஆசிரியரும் சொல்வார். ஒரே பள்ளிக்குள்ளும் பிரிவு இப்படித்தான் உருவாகிறது.

தேசியப் பள்ளியைச் சிறுபான்மையினர் நாட வைக்கும் வழியும் சட்டத்தில் எழுதித்தான் இருக்கிறது. பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தேசியப் பள்ளியில் தமிழையோ சீனத்தையோ பாடமாக நடத்த வேண்டும் என்கிறது 1996ஆம் ஆண்டுச் சட்டம். நடைமுறையில் ஆசிரியர் பணியிடம் ஒதுக்கப்பட்டிருக்காது. ஒதுக்கப்பட்டாலும் கால அட்டவணைக்குள் இடம் கிடைக்காது. பள்ளி முடிந்தபின், பேருந்து கிளம்பும் நேரத்தில் வைக்கப்படும் வகுப்புக்கு எத்தனை பிள்ளைகள் தங்குவார்கள்? எஸ்.பி.எம். தேர்வில் பாட எண்ணிக்கைக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டபோது, தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் உதிர்ந்துவிடும் என்று எழுந்த எதிர்ப்பால் 2009இல் பத்துப் பாடங்களோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ள இடமளிக்கப்பட்டது. அந்த இரண்டையும் தேசிய இடைநிலைப்பள்ளிகளில் கற்பிக்கும் பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லாத ஊர்களில், பிள்ளைகள் சனிக்கிழமை காலையில் ஊர்ப் பொதுமண்டபத்திலோ கோயில் கூடத்திலோ தொண்டாசிரியர் ஒருவரிடம் தாங்களாகவே படித்துத் தேர்வு எழுதுகிறார்கள்.